எஞ்சின் விளக்கும் அதன் எண்களும்

மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பியவுடன் முகப்புப் பலகையில் எஞ்சின் உருவம் கொண்ட மஞ்சள் விளக்கொன்று எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். அவ்வாறு அணையாமல் நின்றாலோ, ஓடும் வழியில் திடீரென எரிந்தாலோ செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். செப்பனிட்ட சாலையை விட்டு விலகி ஆற்று மணலிலும் மலைத் தடத்திலும் செல்லும் ஜீப் இன வண்டிகளை முன்னிட்டே இதனைக் கூறப் புகுகிறோம். அத்தகைய இடங்களில் வண்டி நின்றுவிட்டால் பட்டறையும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை அன்றோ?

டில்லியில் யமுனைக்குக் கிழக்கே உள்ள மயூர் விஹார், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இருப்பிடமாகியிருப்பதை நேயர்கள் அறிவர். இங்குள்ள அடுக்கு வீடுகளின் வண்டி நிறுத்தங்களைச் சுற்றி வந்தால் தார், ஜிம்னி போன்ற வண்டிகளையும், இராணுவத்தில் நெடுங்காலம் உழைத்துப் பெயர் பெற்ற ஜிப்ஸியின் இனத்தில் எஞ்சியிருப்பவற்றையும் காணலாம். வார நாட்களில் அவை அலுவலகத்துக்குச் செல்கின்றன. விடுமுறை வந்தால் இமாசலத்துக்கும் லடாக்குக்கும் புறப்பட்டுவிடுகின்றன. பழுது நேர்ந்தபோது உரிமையாளருக்கு வரும் சங்கடம் இரண்டு. எஞ்சினைப் பற்றிய அறிவு குறைவு என்பது ஒன்று. எஞ்சினைப் பற்றி ஹிந்தியில் பேசும் திறமை அதனினும் குறைவு என்பது மற்றொன்று. காய்கறிக் கடையில் போதுமான ஹிந்தி, மெக்கானிக்கின் முன்னே போதுவதில்லை. ‘ஸென்ஸர் கராப் ஹை’ என்று அவர் சொன்னால், ஆம் என்று தலையசைத்துப் பணத்தை எடுத்து நீட்டுவதன்றி நம்மவருக்கு வேறு வழி தோன்றுவதில்லை. ஆனால் அந்த மஞ்சள் விளக்கின் பின்னே ஓர் எண் இருக்கிறது. சென்னையிலும் டில்லியிலும் லேயிலும் அதற்குப் பொருள் ஒன்றே. மொழி தெரியாத ஊரில் வாழ்பவர்க்கு இதைவிட உதவியான செய்தி வேறென்ன?

இவ்வெண்கள் பிறந்த கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் கண்ணெரியச் செய்யும் புகைமூட்டம் 1940-களில் சூழ்ந்துகொண்டது. மோட்டார் வண்டிகள் கக்கும் புகை வெயிலில் வினைபுரிந்தே இம்மூட்டம் உண்டாகிறது என்பதை ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். வண்டி புதிதாய் இருக்கையில் புகையைச் சோதித்தால் மட்டும் போதாது, ஓடும் நாளெல்லாம் வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் வளர்ந்தது. கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து இதைக் கட்டாயமாக்கிற்று. 1996-லிருந்து அமெரிக்கா முழுவதும் விற்கப்படும் கார்களுக்கு ஒரே வகைச் செருகுவாயும் ஒரே எண் முறையும் வந்தன. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் இதன் முதற் படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே அவ்விளக்கு முதன்மையாக நாம் சுவாசிக்கும் காற்றின் பொருட்டு வைக்கப்பட்டது. கார்த்திகை மாதத்து டில்லிக் காற்றை உட்கொண்டவர்க்கு இதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி எண்ணை வாசிக்கும் முறைக்கு வருவோம். ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே, பலகையின் அடிப்புறத்தில், 16 முனைகள் கொண்ட செருகுவாய் ஒன்று உண்டு. அதில் பொருத்தும் சிறு கருவி ஓராயிரம் ஈராயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கைபேசியின் திரையில் எண்ணைக் காட்டிவிடும். எண்ணின் முதலில் நிற்பது ஓர் ஆங்கில எழுத்து. எஞ்சினுக்கும் கியருக்கும் ‘பி’, சக்கரம், பிரேக் முதலியவற்றுக்கு ‘சி’, வண்டியின் கூட்டுக்கும் உள்ளறைக்கும் மற்றொரு ‘பி’, கணினிப் பெட்டிகள் தம்முள் பேசிக்கொள்ளும் கம்பிகளுக்கு ‘யு’. இரண்டு ‘பி’ எங்ஙனம் என்று நேயர்கள் திகைக்க வேண்டா. ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு எழுத்துக்கள். நம் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இவ்வுரையில் ‘பி’ என்று வருவதெல்லாம் எஞ்சினைக் குறிக்கும் முதல் ‘பி’யே.

எழுத்தை அடுத்து வரும் இலக்கம் பெரும்பாலும் 0 அல்லது 1. 0 எனில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான எண். 1 எனில் அவ்வண்டியைச் செய்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்ட எண். அதன் பொருளை அந்நிறுவனத்தின் கையேட்டில்தான் தேட வேண்டும். அதற்கடுத்த இலக்கம் உறுப்பின் வகையைச் சொல்லும். 1, 2 என்பன எரிபொருளும் காற்றும், 3 என்பது தீப்பொறி, 4 என்பது புகையைத் தூய்மை செய்யும் உறுப்புக்கள், 5 வேகம், 6 கணினிப் பெட்டி, 7-உம் 8-உம் கியர். இவ்வளவு நினைவிருந்தால், பி 0302 என்று கண்டவுடனே இது தீப்பொறி இனத்தைச் சேர்ந்தது என்று ஒருவாறு ஊகித்துவிடலாம்.

இங்குதான் பலரும் வழி தவறுகின்றனர். எண் ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால், அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று கொள்கின்றனர். கணினிப் பெட்டிக்குத் தெரிந்தது ஒன்றே: குறிப்பிட்ட கம்பியின் வழியே தனக்கு வந்த மின்னளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை. சென்சார் கெட்டதா, கம்பி அறுந்ததா, முனையில் பாசி பிடித்ததா, செருகியை யாரேனும் கழற்றிவிட்டுப் பாதி மட்டும் பொருத்தினார்களா என்பது அதற்குத் தெரியாது. வாசலில் பால் வரவில்லை என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். மாடு கறக்கவில்லையா, பால்காரர் வரவில்லையா என்பதை விசாரித்தே அறிய வேண்டும். அது போன்றதே இது.

உதாரணமாக, பி 0113 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் மின்னளவு மிகுந்துவிட்டது என்பது இதன் பொருள். இந்தச் சென்சாரில் சூடு குறையக் குறைய மின்தடை கூடும். கம்பி அறுந்துவிட்டாலோ தடை எல்லையற்றதாகிவிடும். அதைக் கணினிப் பெட்டி கடுங்குளிர் என்று புரிந்துகொள்கிறது. வெளியே 45 பாகை கொளுத்தும் மே மாதத்து டில்லியில், கருவியின் திரையில் பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை என்று தோன்றக்கூடும்! இதைக் கண்டவர் அளவையே நம்பாமல் கம்பியைப் பார்க்க வேண்டும். மயூர் விஹார் போன்ற அடுக்கு வீட்டு வண்டி நிறுத்தங்களில் எலிகள் மிகுதி. எஞ்சினின் வெதுவெதுப்பை நாடி இரவில் ஏறி, கம்பியின் மேலுறையைக் கடித்துவிடுகின்றன. நம் பகுதி அன்பர் ஒருவர் இதே எண்ணைக் கண்டு, காஷ்மீரி கேட்டின் உதிரிப் பொருள் கடைகளில் அலைந்து புதிய சென்சார் வாங்கிப் பூட்டினார். விளக்கு அணையவில்லை. மின்சாரப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் இசையவில்லை. பிறகு கையகல நீளமுள்ள கம்பியொன்றை மாற்றியதும் விளக்கு அணைந்தது.

இவ்வாறு ஏமாறாதிருக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டே கம்பிகள் உள்ள வெப்பச் சென்சாராக இருந்தால், அதன் செருகியைக் கழற்றி, கம்பிப் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். திரையில் உள்ள அளவு கடுங்குளிரிலிருந்து கடுஞ்சூட்டுக்குத் தாவினால் கம்பி நலமாக உள்ளது, பழுது சென்சாரில். தாவவில்லை எனில் பழுது கம்பியிலோ அதற்கு அப்பாலோ. மூன்று நான்கு கம்பிகள் உள்ள சென்சார்களில் இதைச் செய்தல் கூடாது. கணினிப் பெட்டிக்கே கேடு நேரலாம்.

ஒரே வேளையில் ஏழெட்டு எண்கள் தோன்றினால் ஏழெட்டு உறுப்புக்கள் கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டா. முதலில் பாட்டரியைப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தால் ஒவ்வொரு சென்சாரும் தாறுமாறாகப் பேசத் தொடங்கும். அக்கூட்டத்தில் பி 0562 என்பதும் இருந்தால் ஐயமே இல்லை. மின்னழுத்தம் குறைந்தது என்பதே அதன் பொருள். எஞ்சின் நின்றிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட், ஓடுகையில் 14-ஐ ஒட்டிய அளவு இருத்தல் இயல்பு. புது வண்டிகள் சிலவற்றில் ஓடும்போதைய அளவு சற்று ஏறி இறங்கும். பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் கம்பியின் திருகாணி தளர்ந்தோ துருவேறியோ இருப்பது ஜீப்புகளில் சர்வ சாதாரணம். கூடவே, கூரைமேல் வரிசையாகப் பொருத்தும் விளக்குகளையும், சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச்சையும் சொல்ல வேண்டும். இவற்றுக்காக நடுவழியில் கம்பியைக் கிள்ளி இணைத்தவர்கள் பின்னர் எண்களோடு போராடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கூடுதல் விளக்குக்குத் தனிக் கம்பியும், தனி ப்யூஸும், ரிலேயும் வைப்பதில் சிக்கனம் பார்த்தல் தகாது.

பெட்ரோல் எஞ்சினில் ‘மிஸ்ஸிங்’ என்று நம் மெக்கானிக்குகள் கூறும் கோளாறு பி 0300 வரிசையில் வரும். கடைசி இலக்கம் சிலிண்டரின் எண். பி 0302 எனில் இரண்டாம் சிலிண்டர் சரிவர எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியில், இரண்டாவதன் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எண் பி 0303 என்று மாறிவிட்டால் குற்றவாளி அந்தக் காயிலே. மாறாமல் நின்றால் பிளக்கையும், பின்னர் எரிபொருள் இஞ்ஜெக்டரையும் நோக்க வேண்டும். ஒரு காசும் செலவில்லாத சோதனை இது. ஆனால் விளக்கு நிலையாய் எரியாமல் கண் சிமிட்டுமாயின் சோதனைக்கு நேரமில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் சென்று எரிந்து, விலையுயர்ந்த காட்டலிஸ்டைப் பாழாக்கும் நிலை அது. வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவதே நலம்.

டீசல் வண்டிக்காரருக்கு டில்லியில் நேரும் துன்பம் வேறு. நாடெங்கும் 2020 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியின்படி, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடத்தக்க புகைத்துகள் 4.5 மில்லிகிராம். அதற்கு முந்தைய விதியில் இது 25 மில்லிகிராமாக இருந்தது. இந்தக் குறைப்பை இயற்றுவது, டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி. புகைக்குழாயில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறைந்துவிட்டால் 600 பாகை அளவு சூட்டில் அக்கரியை எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்கிறது. அச்சூடு எழுவதற்கு வண்டி இடைவிடாமல் சற்று நேரம் ஓட வேண்டும். மயூர் விஹாரிலிருந்து நகருக்குள் செல்பவர், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்தில் கடந்து எஞ்சினை நிறுத்திவிடுகிறார். எரிப்பு தொடங்கும், முடியாது. நாள்தோறும் இவ்வாறானால் கரி குவிந்து பி 2463 தோன்றும்.

தொடக்க நிலையில் இதற்கு மருந்து, சாலையே. நிஜாமுதீன் பாலத்தருகே தொடங்கி மீரட் நோக்கிச் செல்லும் விரைவுச் சாலை நம் பகுதிக்கு அண்மையில் உள்ளது. எரிபொருள் போதிய அளவு இருக்க, சட்டம் இசையும் வேகத்தில், ஒரு கியர் தாழ்வாக வைத்து, இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் கரி எரிந்துவிடும். கையேட்டில் கண்ட முறையைப் பின்பற்றுதல் இன்னும் நன்று. விளக்கைப் பொருட்படுத்தாமல் பல நாள் ஓட்டியபின் இம்மருந்து பலிக்காது. பட்டறையில் கருவி கொண்டு எரிக்க வேண்டியிருக்கும். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. எரிப்பின்போது கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பங்கு, சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. எரிப்பு அடிக்கடி தடைப்பட்ட வண்டியில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும்! அளவுகோலில் மேற்கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால், அது வண்டியின் செழிப்பைக் காட்டுவதன்று; உடனே ஆயிலை மாற்ற வேண்டும்.

வடிகட்டியின் உள்ளிருப்பதைப் பெயர்த்தெறிந்து, கணினிப் பெட்டியையும் மாற்றி எழுதி, ‘இனி விளக்கே வராது’ என்று கூறுவோர் எல்லா நகரங்களிலும் உண்டு. விளக்கு வராது என்பது மெய்யே. அந்தக் கரி, பின்னால் பள்ளிக்கூட வண்டியில் வரும் குழந்தைகளின் நெஞ்சுக்குப் போகும். சட்டத்துக்கும் புறம்பான இச்செயலை நாம் எவ்வகையாலும் ஒப்புவதற்கில்லை.

அடுத்து, தண்ணீர். 2023 ஜூலை 13-ஆம் நாள் டில்லிப் பழைய இரயில் பாலத்தில் யமுனையின் மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-இல் கண்ட 207.49 மீட்டரே அதற்கு முன் உச்சம். மயூர் விஹாரை ஒட்டிய ஆற்றுப் படுகையில் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்கள் சாலையோரக் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தன. உயரமான வண்டி வைத்திருப்போருக்கு நீரைக் கண்டால் ஒரு துணிவு பிறந்துவிடுகிறது. 2020-இல் வெளிவந்த தார், 650 மில்லிமீட்டர் ஆழம்வரை நீரில் செல்லத்தக்கது என்று அதன் உற்பத்தியாளர் அறிவித்திருக்கிறார். அது மெதுவாகச் செல்லும் வண்டிக்கும் நிலையான நீருக்கும் பொருந்தும் அளவு. வேகமாய்ச் சென்றால் முன்னே எழும் அலை அதைவிட உயரும்.

நீரில் இறங்கி வந்த வண்டியில் அன்றே எண் வராமலும் இருக்கலாம். செருகிகளுக்குள் புகுந்த ஈரம் உலர்ந்து, செம்புமுனை பச்சை பூத்து, இரண்டொரு மாதம் கழித்துச் சக்கர வேகச் சென்சாரைக் குறிக்கும் சி 0035, எஞ்சின் கணினியுடன் தொடர்பு அற்றதைக் குறிக்கும் யு 0100 போன்றவை தலைகாட்டும். மழைநாளில் வந்து வெயில்நாளில் மறையும் எண் எனில் ஈரமே காரணம் என்று பெரிதும் நம்பலாம். பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மின்முனைகளுக்கென விற்கும் தூய்மைத் திரவத்தைத் தெளித்து, உலர்ந்தபின் ‘டக்’ என்ற ஓசை எழப் பொருத்த வேண்டும். இரப்பர் வளையம் விட்டுப் போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

எண்ணே வராத ஆபத்துக்களும் உள. காற்று நுழையும் வாய்வழியே எஞ்சினுக்குள் நீர் புகுந்து வண்டி நின்றுவிட்டால், மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அந்நேரத்தில் கருவியைச் செருகிப் பார்த்தால் ஒரு பழுதும் இல்லை என்றுகூடக் காட்டலாம். அவ்வாறே ஆக்ஸிலிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் நீர் கலந்தால் உள்ளிருக்கும் ஆயில் மோர் போல் வெளுத்துவிடும். அதை அளக்கும் சென்சார் அங்கு இல்லை. திருகைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதொன்றே வழி.

மலைக்குச் செல்வோருக்கும் ஒரு சொல். கர்துங்லா கணவாய் ஏறத்தாழ 5,359 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதி அளவே. டர்போ இல்லாத ஜிப்ஸியும் ஜிம்னியும் அங்குத் திணறுவது நோயன்று. காற்று இல்லாமையால் வந்த தளர்ச்சி. ஆயின் டர்போ வண்டியில் பி 0299 தோன்றினால், டர்போ தரவேண்டிய அழுத்தம் கிட்டவில்லை என்று பொருள். பெரும்பாலும் இரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கும். டில்லியின் நெரிசலில் எஞ்சின் முழு வலுவுடன் உழைப்பதேயில்லை ஆதலால் இச்சிறு கசிவு இங்கு மறைந்து கிடந்து, மணாலிக்கு அப்பால் ஏற்றத்தில்தான் வெளிப்படும். புறப்படுமுன் ஒரு திருப்புளியோடு கால் மணி நேரம் செலவிட்டுக் கிளிப்புக்களை இறுக்கினால் இது தீரும். வடிகட்டி ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்வதும் நன்று.

எண்ணை அழிப்பதைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கருவியில் ஒரு பொத்தானைத் தொட்டால் விளக்கு அணைந்துவிடும். அதனோடு, பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், சூடு, சுமை யாவும் எவ்வளவு இருந்தன என்று கணினிப் பெட்டி எழுதிவைத்த குறிப்பும் அழிந்துவிடும். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நன்கு சூடேறியபின் வந்த பழுதா, காலைக் குளிரில் கிளப்பும்போதே வந்ததா என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி அது. பட்டறைகள் பலவற்றில் வண்டி நுழைந்தவுடன் முதற்காரியமாக இதனை அழித்துவிடுகின்றனர். ஆகையால் வண்டியை ஒப்படைக்குமுன் திரையைப் படம் பிடித்துக்கொள்க. பட்டறையில் சொல்வதற்கு இரண்டு ஹிந்தி வாக்கியம் தருகிறோம். ‘கோட் மிட்டானே ஸே பஹலே லிக் தீஜியே’ என்றால், அழிக்குமுன் எண்ணை எழுதிக் கொடுங்கள் என்பது பொருள். ‘பஹலே வயரிங் தேகியே, ஃபிர் ஸென்ஸர்’ என்றால், முதலில் கம்பியைப் பாருங்கள், பின்பு சென்சாரை என்பது. இவ்விரண்டையும் பணிவாகவும் தெளிவாகவும் சொன்ன வாடிக்கையாளரிடம் மெக்கானிக்கின் பேச்சே மாறுவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அவரும் வேலை தெரிந்தவரே; கேட்பவர் இருக்கிறார் என்றால் நின்று பார்ப்பார்.

பழுது நீக்கி எண்ணை அழித்தபின், வண்டி மெய்யாகவே குணமடைந்ததா என்பது அன்று மாலையே தெரிந்துவிடாது. கணினிப் பெட்டி தன் சோதனைகளைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இரவெல்லாம் ஆறிய எஞ்சினைக் கிளப்புதல், நகருக்குள் நின்று நின்று செல்லுதல், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடுதல் ஆகிய மூன்றும் நேர்ந்தால்தான் அச்சோதனைகள் யாவும் முடியும். பல பழுதுகளை இரண்டு பயணங்களில் தொடர்ந்து கண்டால்தான் விளக்கு ஏற்றப்படும். எனவே நெடும்பயணத்துக்கு முன்தினம் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேரே மலைக்குப் புறப்படுதல் உசிதமன்று. மூன்று நான்கு நாட்கள் அலுவலகத்துக்கு ஓட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீரட் சாலையில் போய் வந்து, கருவியை மறுபடி செருகி, நிலுவையில் எண் ஏதேனும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டி படுக்கைகளை ஏற்றலாம்.